ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ: கெர்னல் எழுதுகிறவர்கள் மேஜையில் ஒரு ஒற்றைக் கோர் போர்டு

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் கோடு) எழுதுவதுதான் வேலை என்றால் ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீரோ டபிள்யூ, அதற்கு அடுத்து வந்த ஜீரோ 2 டபிள்யூ இல்லை. வீட்டு விளக்கை போனில் அணைக்கவோ கேமரா மாட்டவோ வாங்குபவர்களுக்கு யூடியூபில் தேவையான அளவு விமர்சனங்கள் இருக்கின்றன, நான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. நாம் எழுதுகிற கெர்னல் கோடு ஒரே ஒரு ப்ராசஸர் இருக்கிற மெஷினில் சரியாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதற்கு இதை வாங்கச் சொல்கிறேன். அந்த வேலைக்கு, இந்த விலையில், இதைவிடத் தோதான சாமான் நான் பார்த்ததில்லை.

முதலில் போர்டு. 2017 பிப்ரவரியில் வந்தது, அப்போது விலை 10 டாலர். நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. பிராட்காம் பிசிஎம்2835 சிப், அதற்குள் 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு ஏஆர்எம்11 கோர் (ப்ராசஸர்), 512 எம்பி ரேம், வைஃபை, புளூடூத், மினி ஹெச்டிஎம்ஐ, மைக்ரோ யூஎஸ்பி இரண்டு. 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்ததும் இதே சிப்தான். பிரவுசர் திறந்து வேலை பார்க்க நினைத்தால் பொறுமை போய்விடும், அதற்காக யாரும் வாங்க வேண்டாம். ஆனால் டெர்மினலில் ‘யூநேம் -ஏ’ கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் கெர்னல் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஸ்எம்பி’ என்று ஒரு சொல் கட்டாயம் நிற்கும். இந்த போர்டின் அதிகாரபூர்வ கெர்னலில் அந்தச் சொல் இருக்காது. நான் காசு கொடுத்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

எஸ்எம்பி என்றால் பல ப்ராசஸர்கள் சம அந்தஸ்தில் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டு ஓடுவது. லினக்ஸுக்குள் அது வந்தது 1996-ல், 2.0 பதிப்போடு. அன்றிலிருந்து கெர்னலை இரண்டு விதமாகக் கம்பைல் செய்யலாம், எஸ்எம்பி போட்டும், போடாமலும். போடாமல் கட்டியதை யூபி (யூனிப்ராசஸர், அதாவது ஒற்றை ப்ராசஸர்) கெர்னல் என்போம். இப்போது நம் கையில் இருக்கும் எல்லாவற்றிலும் நாலு கோர், எட்டு கோர் இருப்பதால் யூபி கெர்னலை யாரும் ஓட்டிப் பார்ப்பதே இல்லை. சென்னையில் கிண்டியிலும் ஓஎம்ஆரிலும் எம்பெடெட் (கருவிகளுக்குள் பதித்த கம்ப்யூட்டர்) வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளரிடம் போகிற பெட்டிகளின் நிலைமை வேறு. என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ்6யூஎல்எல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் மாதிரி ஒற்றைக் கோர் சிப்கள் கேட்வே, பேனல், கன்ட்ரோலர் என்று இன்னும் எத்தனையோ பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மெமரியை மிச்சம் பிடிக்க எஸ்எம்பியை அணைத்துக் கட்டும் டீம்களும் இருக்கின்றன. அங்கே போய் நம் டிரைவர் விழுந்தால் பழி நமக்கு.

விழுவது எப்படி என்று எனக்குப் பழக்கமான ஒரு இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த போர்டின் அருமை அங்கேதான் தெரிந்தது.

எங்கள் டீமுக்கு வெளியிலிருந்து ஒரு சென்சார் டிரைவர் வந்தது. எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாலு கோர் போர்டில் எங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ். அதே சோர்ஸை ஜீரோ டபிள்யூவுக்குக் கம்பைல் செய்து மாட்யூலை (ஓடும் கெர்னலில் ஏற்றும் டிரைவர் ஃபைல்) ஏற்றியதும் சீரியல் கன்சோலில் (கேபிள் வழியாக கெர்னல் செய்திகள் வரும் திரை) ‘கெர்னல் பக்’ என்று ஆரம்பித்து ஒரு ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்து மாட்யூல் அங்கேயே செத்தது. அந்த வரிக்குப் போய்ப் பார்த்தால் பார்வைக்கு நல்ல பிள்ளைக் கோடு. லாக் என்பது ஒரு டேட்டாவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்கான பூட்டு. லாக் எடுத்தவர்தான் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக, உள்ளே நுழைந்ததும் ‘ஸ்பின் இஸ் லாக்ட்’ என்று கேட்டு, ‘இல்லை’ என்று பதில் வந்தால் ‘பக் ஆன்’ போட்டு நிறுத்துகிற காவல். கூப்பிட்டவர் முறையாக லாக் எடுத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார், ஆனாலும் ‘இல்லை’ என்றே பதில் வருகிறது.

காரணம் இதுதான். ஸ்பின்லாக் என்பது கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் லாக், யூபி கெர்னலில் அப்படி ஒரு பொருளே கிடையாது. இன்னொரு கோர் இல்லாதபோது சுற்றிச் சுற்றிக் காத்திருக்க யாரும் இல்லை, ஆகவே ‘ஸ்பின் லாக்’ என்று எழுதியது ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை நடுவில் விலக்கி வேறொன்றை ஓட்டுவது) நிறுத்துவதோடு முடிந்துவிடும், ‘ஐஆர்க்யூ சேவ்’ வகை என்றால் கூடவே இன்டரப்டையும் (வன்பொருள் குறுக்கிட்டு ப்ராசஸரைக் கூப்பிடுவது) அணைக்கும், அவ்வளவுதான். லாக்குக்கான ஸ்ட்ரக்சரே காலி, டீபக் வசதிகள் எதுவும் இல்லாமல் கட்டினால் மெமரியில் ஒரு பைட்கூட எடுக்காது. வீட்டில் தனியாக இருப்பவர் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டார், வெளியே நின்று தாழ்ப்பாளை வைத்து உள்ளே ஆள் இருக்கிறாரா என்று முடிவு செய்தால் எப்போதும் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘ஸ்பின் இஸ் லாக்ட்’டும் அப்படித்தான், யூபியில் எப்போதும் 0. இது ஒளித்துவைத்த ரகசியம் இல்லை, கெர்னல் சோர்ஸில் அந்த ஃபங்ஷனின் தலைமாட்டிலேயே எஸ்எம்பி இல்லாமலும் ஸ்பின்லாக் டீபக் இல்லாமலும் கட்டினால் பதில் எப்போதும் 0, அதை ரொம்ப நம்பாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘ஸ்பின் ட்ரை லாக்’ நேர் எதிர், அது எப்போதும் 1 கொடுக்கும். லாக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய பகுதி யூபியில் ஒருநாளும் ஓடாது.

மேலே சொன்னதில் ‘ஸ்பின்லாக் டீபக் இல்லாமல்’ என்ற நிபந்தனையைக் கவனித்தீர்களா? நிறையப் பேர் வழுக்குவது அதில்தான். டீபக் ஸ்பின்லாக் ஆப்ஷனைப் போட்டால் யூபியிலும் லாக் ஸ்ட்ரக்சருக்குள் ஒரு ஃபீல்ட் வந்துவிடும், ‘ஸ்பின் இஸ் லாக்ட்’ சரியான பதிலைச் சொல்லும். லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதியான லாக்டெப் போட்டால் இந்த ஆப்ஷன் தானாகவே கூட வரும். ஆக, பொறுப்பாக எல்லா டீபக்கும் போட்டு ஒற்றைக் கோரில் டெஸ்ட் செய்தவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும், டீபக் எடுத்துவிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்டில்தான் வெடிக்கும். இதற்காகவே என்னிடம் இந்த போர்டுக்கு இரண்டு மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கிறது. ஒன்றில் லாக்டெப் போட்ட கெர்னல், இன்னொன்றில் எதுவும் போடாத மொட்டைக் கெர்னல். மாட்யூல் இரண்டிலும் ஏறி இறங்கினால்தான் அடுத்த வேலை.

திருத்துவது எளிது. ‘லாக்டெப் அசெர்ட் ஹெல்ட்’ என்று எழுதுங்கள். லாக் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காமல் அதைப் பிடித்திருப்பது நாம்தானா என்றும் பார்க்கும், லாக்டெப் இல்லாத பில்டில் கரைந்துபோகும். ‘ஸ்பின் இஸ் லாக்ட்’ எஸ்எம்பியில் வேலை செய்தாலும் வேறு யாரோ பிடித்திருந்தால்கூட ‘ஆம்’ என்றுதான் சொல்லும், ஆகவே காவலாக அது அங்கேயும் உருப்படி இல்லை. சிலர் அந்த ‘பக் ஆன்’ வரியைச் சுற்றி எஸ்எம்பி இருந்தால் மட்டும் என்று ஒரு இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே பார்க்கும் நிபந்தனை) போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு இஃப்டெஃப் போட்டால் பின்னாலேயே இன்னும் நாலு வரும், கடைசியில் யூபி பக்கம் என்ன ஓடுகிறது என்பதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது.

இன்னும் சில இடங்களை இந்த போர்டு காட்டிக்கொடுக்கும். ப்ராசஸர் எண் 1 எப்படியும் இருக்கும் என்று நினைத்து, ஒரு வேலையை இன்னொரு கோருக்கு அனுப்பும் கோடு ஒன்று. யூபியில் 0 தவிர வேறு எண்ணுக்கு ‘எஸ்எம்பி கால் ஃபங்ஷன் சிங்கிள்’ கூப்பிட்டால் பிழை எண் திரும்பி வரும், அனுப்பிய வேலை நடக்கவே நடக்காது. திரும்பி வந்த மதிப்பைப் பார்க்காமல் எழுதியிருந்தால் அது நடக்கவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. அப்புறம் சிபியு மாஸ்க், அதாவது எந்தெந்தக் கோர்கள் என்று குறிக்கும் பட்டியல். மாஸ்க்கில் இருக்கும் கோர்களை மட்டும் சுற்றிவரும் ‘ஃபார் ஈச் சிபியு’, யூபி கெர்னலில் ரொம்பக் காலம் மாஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒருமுறை சுற்றிவந்தது, மாஸ்க் காலியாக இருந்தாலும்! ஒரே ஒரு கோர்தானே, அது எப்படியும் மாஸ்க்கில் இருக்கும் என்று யாரோ வைத்த அனுமானம். 2022-ல்தான் அதைத் திருத்தினார்கள். பழைய 4.x, 5.x கெர்னலிலேயே நின்றுவிட்ட பெட்டிகளில் அந்தப் பழைய நடத்தைதான் இன்றும் இருக்கும், அதற்கு டிரைவர் எழுதுகிறவர்கள் மாஸ்க் காலியா என்று தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

மெமரி பேரியர் விஷயமும் உண்டு, மெமரியில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் காக்கும் தடை அது. ‘எஸ்எம்பி’ என்று பெயர் தொடங்கும் பேரியர்கள் யூபியில் கம்பைலருக்கு மட்டுமான தடையாகச் சுருங்கிவிடும், ப்ராசஸருக்கு ஒரு கட்டளையும் போகாது. இரண்டு கோர்களுக்கு நடுவே என்றால் பிரச்சினை இல்லை. டிஎம்ஏ செய்யும் (ப்ராசஸர் இல்லாமல் தானே மெமரியைத் தொடும்) டிவைஸ் படிக்கப்போகிற டிஸ்க்ரிப்டருக்கு (வேலைக் குறிப்புக்கு) முன்னால் அதைப் போட்டு வைத்திருந்தால் பிரச்சினை, ஏனென்றால் கோர் ஒன்றாக இருந்தாலும் டிவைஸ் தனி ஆள். அங்கே ‘டிஎம்ஏ’ என்று தொடங்கும் பேரியர்தான் வேண்டும். விர்ச்சுவல் மெஷினிலும் இதே தலைவலி வந்தது, உள்ளே ஓடுவது யூபி, வெளியே ஹோஸ்டில் பல கோர். அதற்கென்று தனியாக ‘விர்ட்’ பேரியர்களையே உருவாக்க வேண்டியிருந்தது.

சரி, இதற்கு எதற்கு போர்டு, ஒரு மெஷினை மென்பொருளிலேயே நடித்துக்காட்டும் க்யூஎம்யூவில் ஒரு கோர் மட்டும் கொடுத்து ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மெஷினில் கோர் ஒன்றாக இருப்பதும் கெர்னல் யூபியாகக் கட்டப்பட்டிருப்பதும் வேறு வேறு. எஸ்எம்பி கெர்னலை ஒரு கோரில் ஓட்டினால் லாக்குகள் எல்லாம் அப்படியே இருக்கும். எக்ஸ்86-ல் ஒரே கோர்தான் என்று தெரிந்ததும் கெர்னல் தன் கோடில் இருக்கும் லாக் ப்ரிஃபிக்ஸ்களை பூட் ஆகும்போதே மாற்றிக்கொள்ளும், 32 பிட் ஏஆர்எம்மில் ‘எஸ்எம்பி ஆன் யூபி’ என்று அதற்கு ஒரு ஆப்ஷனே இருக்கிறது, ஆனாலும் ‘ஸ்பின் இஸ் லாக்ட்’ உண்மையான பதிலைத்தான் கொடுக்கும். பீகிள்போன் பிளாக் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அதுவும் ஒற்றைக் கோர்தான், நல்ல போர்டு, ஆனால் மெயின்லைனில் (லினக்ஸின் மூல சோர்ஸில்) அதற்கு எடுக்கிற ஓமேப் டெஃப்கான்ஃபிக்கில் (தயாராக இருக்கும் அமைப்பு ஃபைலில்) எஸ்எம்பி போட்டே இருக்கும், நீங்களாக அணைக்காதவரை அது யூபி டெஸ்ட் ஆகாது.

வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம். சாதாரண கோடில் இன்டரப்டை அணைக்காமல் லாக் எடுக்கிறீர்கள், அந்த நேரம் பார்த்து அதே கோரில் இன்டரப்ட் வந்து அதன் ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறது. எஸ்எம்பி கெர்னலில் மெஷின் அப்படியே உறைந்துவிடும், தப்பு நடந்தது உடனே தெரியும். யூபி கெர்னலில் உறையாது. ஹேண்ட்லர் தடையில்லாமல் உள்ளே போய் நீங்கள் பாதி மாற்றி வைத்திருக்கும் லிஸ்ட்டில் கைவைத்துவிட்டு வரும், அது எங்கேயோ எப்போதோ வேறு உருவத்தில் வெடிக்கும். ஒரே தப்பு, ஒரு பக்கம் சத்தம் போடுகிறது, இன்னொரு பக்கம் வாயே திறப்பதில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

க்யூஎம்யூவிலேயே யூபி கெர்னலை ஓட்டலாம், பை ஜீரோவுக்கென்றே ஒரு மெஷின் வகையும் அதில் இருக்கிறது. லாக் மாதிரியான விஷயங்களுக்கு அது போதும், காசில்லாத மாணவர்கள் தாராளமாக அதிலேயே ஆரம்பிக்கலாம். ஜிபிஐஓ பின்களில் வயர் மாட்டி நிஜ இன்டரப்டை வரவைத்து, எஸ்பிஐ இணைப்பில் நிஜ சென்சாரைத் தொங்கவிட்டுப் பார்ப்பதற்குத்தான் போர்டு வேண்டும்.

இனி குறைகள். கெர்னலை இந்த போர்டிலேயே கம்பைல் செய்ய முயலாதீர்கள், லேப்டாப்பில் இந்த போர்டுக்காக க்ராஸ் கம்பைல் செய்து கார்டில் போடுங்கள். ‘பிசிஎம்ஆர்பிஐ டெஃப்கான்ஃபிக்’ எடுத்தால் எஸ்எம்பி அணைந்தே இருக்கும், எதையும் தேடிப்போய் மாற்ற வேண்டாம். ஆனால் உபுண்டுவின் ஆர்ம்-ஹெச்எஃப் கம்பைலர் ஏஆர்எம்வி7-க்குக் கட்டுவது. கெர்னல் தன் ப்ராசஸர் வகையைத் தானே சொல்லிக்கொள்வதால் தப்பிவிடும், அதே கம்பைலரில் ஒரு சின்ன டெஸ்ட் ப்ரோக்ராம் எழுதிக் கொண்டுபோனால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நின்றுவிடும், ஏனென்றால் இந்தச் சிப் ஏஆர்எம்வி6. சின்ன ப்ரோக்ராம்களை போர்டிலேயே கம்பைல் செய்துகொள்ளுங்கள்.

சீரியல் கன்சோல் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கெர்னல் விழும்போது ஹெச்டிஎம்ஐ திரையில் கடைசி வரிகள் வரும் என்று நம்ப முடியாது, வைஃபை வழியாக எஸ்எஸ்ஹெச்சில் இருந்தால் இணைப்பு அறுந்ததோடு சரி. ஜிபிஐஓ 14, 15 இரண்டும் சீரியலுக்கு. 3.3 வோல்ட் கேபிள்தான் மாட்ட வேண்டும், 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் பின் போய்விடும். பிஎல்011 என்ற முழு வசதியுள்ள யூஆர்ட்டை (சீரியல் போர்ட்) புளூடூத் எடுத்துக்கொள்வதால் கான்ஃபிக் ஃபைலில் ‘எனேபிள் யூஆர்ட்’ 1 என்று போட மறக்காதீர்கள், போடாவிட்டால் கன்சோலில் ஒன்றும் வராது. அப்புறம், சாதாரண ஜீரோ டபிள்யூவில் பின் ஹெடர் சாலிடர் செய்யாமல்தான் வரும். ஹெடரோடு வருகிற ஜீரோ டபிள்யூஹெச் கிடைத்தால் அதையே எடுங்கள், 40 பின்னையும் உட்கார்ந்து சாலிடர் செய்வதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மேல்.

இந்த போர்டால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோர்கள் மோதிக்கொள்ளும் ரேஸ் எதுவும் இதில் வரவே வராது. இதில் ஓடிவிட்டது என்று நாலு கோர் டெஸ்டை விட்டுவிடாதீர்கள், இது அதோடு கூடப் போடுகிற டெஸ்ட்.

வாங்குவதற்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். ஜீரோ டபிள்யூ என்று கேட்டால் முதல் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: “அது பழசு சார், 2 டபிள்யூ எடுத்துக்கோங்க, நாலு கோரு, ஸ்பீடு.” அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். “எனக்கு ஒரு கோர்தாண்ணா வேணும்” என்று சொன்னதும் ஒரு நொடி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையனை மேல்தட்டிலிருந்து எடுத்துவரச் சொல்வார். ஜீரோ 2 டபிள்யூ 2021-ல் வந்த நாலு கோர் போர்டு, நம் வேலைக்கு அது உதவாது. அதில் 64 பிட் கெர்னல் போட்டால் எஸ்எம்பியை அணைக்கும் ஆப்ஷனே கிடையாது, ஏஆர்எம்64-ல் அது நிரந்தரமாகப் போடப்பட்டது. விலை கடைக்குக் கடை மாறுகிறது, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு கடையில் கவர் பிரித்த போர்டைப் புதுசு என்று நீட்டினார்கள், ஆன்டிஸ்டாட்டிக் கவர் ஒட்டிய மேனிக்கு இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அங்கேயே ஒரு கார்டு போட்டு பச்சை எல்இடி மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்னும் எத்தனை நாளைக்கு யூபி கெர்னல் இருக்கும் என்பது நியாயமான கேள்வி. 2025-ல் வந்த கெர்னல் 6.17-ல் ஷெட்யூலரின் (எந்த வேலை எப்போது ஓடுவது என்று முடிவு செய்வது) எஸ்எம்பி பகுதியை எல்லாருக்கும் சேர்த்தே கம்பைல் செய்யும்படி மாற்றிவிட்டார்கள், எஸ்எம்பி இல்லாமல் கட்டினாலும் அது உள்ளே வரும். இரண்டு விதமான கோடைப் பராமரிக்கும் பாரம் குறைகிறது, அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் எஸ்எம்பி ஆப்ஷன் இன்னும் போகவில்லை, ஸ்பின்லாக் யூபியில் காலியாவதும் மாறவில்லை. களத்தில் இருக்கும் பெட்டிகளோ 6.17-ஐப் பார்க்கப் பல வருஷம் ஆகும். நம்ம ஊர் ஐஐடி மெட்ராஸின் ரிஸ்க்-ஃபைவ் வகை சக்தி ப்ராசஸரை எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டில் ஏற்றி லினக்ஸ் ஓட்டிப் பார்க்கிற மாணவர்களும் ஒற்றைக் கோரில்தான் தொடங்குகிறார்கள், ரிஸ்க்-ஃபைவில் எஸ்எம்பியை இன்றும் அணைக்க முடியும். எஃப்பிஜிஏ போர்டு விலையில் கால்வாசிகூட ஆகாத இந்த ஜீரோ டபிள்யூவில் முதலில் டிரைவரைத் தேற்றிக்கொண்டு அப்புறம் அங்கே போகலாம். கேபிள், கார்டு, ஹெடர் வைத்த போர்டு மூன்றையும் ஒரே நடையில் வாங்கிவிடுங்கள்.